பழைய கேம் கன்சோலுக்கு நிரல் எழுத எந்த லினக்ஸ் போடுவது?

கேம் பாய் அட்வான்ஸுக்கோ ட்ரீம்காஸ்டுக்கோ சொந்தமாக ஒரு சின்ன விளையாட்டு எழுதி ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) நல்லது?" என்பதைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு வாரத்தில் நாலு டிஸ்ட்ரோவை மாற்றி மாற்றிப் போட்டேன், டெர்மினல் நிறமும் வால்பேப்பரும் பிரமாதமாக அமைந்தன, ஒரு வரி நிரல்கூட எழுதியிருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: எந்தக் கன்சோல், அதற்கான டூல்செயின் உங்கள் கைக்கு எந்த வடிவத்தில் வருகிறது? இது தெரிந்துவிட்டால் டிஸ்ட்ரோ முக்கால்வாசி முடிவாகிவிடும்.

டூல்செயின் என்றால் கம்பைலர், அசெம்பிளர், லிங்கர், கூடவே அந்தக் கன்சோலுக்கான லைப்ரரிகள் எல்லாம் சேர்ந்த மூட்டை. உங்கள் மடிக்கணினியில் இருப்பது இன்டெல் அல்லது ஏஎம்டி சிப். 2001-இல் வந்த கேம் பாய் அட்வான்ஸில் இருப்பதோ 16.78 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏஆர்எம்7டிடிஎம்ஐ. டிஸ்ட்ரோவோடு வருகிற ஜிசிசி என்ற கம்பைலர் உங்கள் மடிக்கணினிக்குத்தான் நிரல் உருவாக்கும், கன்சோலுக்கு உருவாக்காது. அதனால் ஒரு கணினியில் ஓடி வேறொரு சிப்புக்கு நிரல் உருவாக்கும் கிராஸ் கம்பைலர் வேண்டும். அது எப்படிக் கிடைக்கிறது என்பதில்தான் கன்சோலுக்குக் கன்சோல் கதை மாறுகிறது.

மிகச் சுலபமான வகை, ஜிப் கோப்பை இறக்கி விரித்தால் போதும் என்பது. 1989-இன் பழைய கேம் பாய்க்கு சி மொழியில் எழுத ஜிபிடிகே-2020 இருக்கிறது. லினக்ஸுக்கான தொகுப்பை இறக்கி, வீட்டு அடைவில் எங்கேயாவது விரித்து வைத்துக்கொண்டால் முடிந்தது. அசெம்பிளியில் எழுத ஆர்ஜிபிடிஎஸ். அதுவும் தயார் நிலையில் கிடைக்கிறது, மூலத்திலிருந்து கட்டினாலும் சில நிமிட வேலைதான். என்இஎஸ்ஸுக்கு சிசி65 டெபியன், உபுண்டு களஞ்சியங்களிலேயே உண்டு. இந்த மூன்றில் ஒன்றுதான் உங்களுக்குத் தேவை என்றால், உங்கள் கணினியில் இப்போது எந்த லினக்ஸ் இருக்கிறதோ அதுவே போதும். இதற்காக எதையும் அழித்துப் போடாதீர்கள்.

அடுத்தது டெவ்கிட்ப்ரோ. கேம் பாய் அட்வான்ஸ், டிஎஸ், 3டிஎஸ், கேம்கியூப், வீ, வீ யு, ஸ்விட்ச் என நின்டெண்டோவின் வரிசை முழுக்க ஹோம்ப்ரூ (நாமே சொந்தமாக எழுதும் விளையாட்டு) எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கைவைக்கும் இடம் அது. அவர்கள் தங்கள் பேக்கேஜ்களை ஆர்ச் லினக்ஸின் பேக்கேஜ் நிறுவியான பேக்மேன் வழியாகத்தான் விநியோகிக்கிறார்கள். இதைக் கேட்டதும் "அப்படியானால் ஆர்ச்தான் போட வேண்டும்போல" என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள், தேவையே இல்லை. டெபியன், உபுண்டு, மின்ட் வகையறாவுக்கு அவர்களே ஒரு நிறுவல் ஸ்கிரிப்ட் தருகிறார்கள். அதை ஓட்டினால் டிகேபி-பேக்மேன் என்ற பெயரில் தனி பேக்மேன் ஒன்று வந்து உட்காரும். அது உங்கள் டிஸ்ட்ரோவின் சொந்த நிறுவியான ஏபிடியோடு மோதாது, எல்லாவற்றையும் ஆப்ட் என்கிற அடைவுக்குள் டெவ்கிட்ப்ரோ என்ற ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளும். அப்புறம் ஜிபிஏ-டெவ் என்ற தொகுதியை நிறுவச் சொன்னால் கம்பைலர், லைப்ரரி, மாதிரி நிரல்கள் எல்லாம் மொத்தமாக இறங்கிவிடும். டிஎஸ்ஸுக்கு என்டிஎஸ்-டெவ், ஸ்விட்சுக்கு ஸ்விட்ச்-டெவ் என்று இதேபோலத் தொகுதிகள் உண்டு. ஏற்கெனவே ஆர்ச்சில் இருப்பவர்கள் அவர்களுடைய சாவியைச் சேர்த்து, பேக்மேனின் அமைப்புக் கோப்பில் இரண்டு களஞ்சியங்களை எழுதிவிட்டால் சரி, சிஸ்டத்தின் பேக்மேனே இதையும் பார்த்துக்கொள்ளும். கொஞ்சம் வசதி கூடுதல், அவ்வளவுதான். இதற்காக மட்டும் ஆர்ச்சுக்குத் தாவுவதில் அர்த்தமில்லை.

இங்கே புதியவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு. நிறுவி முடித்த கையோடு அதே டெர்மினலில் நிரலைக் கட்டும் மேக் கட்டளையை அடித்தால், டெவ்கிட்ஆர்ம் (டெவ்கிட்ப்ரோவின் ஏஆர்எம் கம்பைலர்) எங்கே இருக்கிறது என்று சூழல் மாறியில் சொல்லு என்று அது முறைக்கும். அந்த மாறிகளை அமைக்கும் ஸ்கிரிப்ட், லாகின் ஆகும்போது மட்டும் படிக்கப்படுகிற அடைவில் போய் விழுந்திருக்கும். ஒருமுறை லாக்அவுட் செய்து உள்ளே வந்தால் சரியாகிவிடும். ஃபிஷ் ஷெல் பயன்படுத்துபவர்களுக்கு அப்படிச் செய்தும் வராமல் போகலாம், அப்போது கையால்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

கேம் பாய் அட்வான்ஸுக்கும் டிஎஸ்ஸுக்கும் இன்னொரு வழியும் இருக்கிறது, வொண்டர்ஃபுல் டூல்செயின். இதன் சிறப்பு, டிஸ்ட்ரோவின் சி லைப்ரரியை நம்பாமல் மஸ்ல் என்ற சிறிய சி லைப்ரரியோடு கட்டப்பட்டு வருவது. அதனால் பழைய டிஸ்ட்ரோ, புதிய டிஸ்ட்ரோ, வினோத டிஸ்ட்ரோ எதிலும் அலட்டிக்கொள்ளாமல் ஓடும். டிஎஸ்ஸுக்கான பிளாக்ஸ்டிஎஸ் இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. டிஸ்ட்ரோவை மாற்றவே முடியாத நிலையில் இருப்பவர்கள், ஆபீஸ் கணினியை வைத்துக்கொண்டு ராத்திரியில் கேம் எழுதுகிறவர்கள், இதை முதலில் பார்க்கலாம்.

இனி மூன்றாவது வகை: டூல்செயினை மூலத்திலிருந்து நீங்களே கட்ட வேண்டிய கன்சோல்கள். டிஸ்ட்ரோ தேர்வு உண்மையிலேயே கழுத்தைப் பிடிப்பது இங்கேதான்.

ட்ரீம்காஸ்டை எடுத்துக்கொள்வோம். 1998-இல் ஜப்பானில் வந்தது, 200 மெகாஹெர்ட்ஸ் எஸ்எச்-4 சிப், 16 எம்பி நினைவகம். இதற்கு ஹோம்ப்ரூ எழுத காலிஸ்டிஓஎஸ் என்ற அருமையான தொகுப்பு உண்டு. அதை உபயோகிக்க முதலில் எஸ்எச்-4-க்கான ஜிசிசியைக் கட்ட வேண்டும், அதற்கென்றே டிசி-செயின் என்ற ஸ்கிரிப்ட்டைக் கூடவே தருகிறார்கள். அது பினுட்டில்ஸ் (அசெம்பிளரும் லிங்கரும்), ஜிசிசி, நியூலிப் (சி லைப்ரரி) எல்லாவற்றையும் இறக்கி வரிசையாகக் கட்டும். அதாவது உங்கள் டிஸ்ட்ரோவின் ஜிசிசியை வைத்து இன்னொரு ஜிசிசியைக் கட்டுகிறீர்கள். கட்டுகிற கம்பைலர் மிகப் புதியதாகவும் கட்டப்படுகிற மூலம் கொஞ்சம் பழையதாகவும் இருந்தால் தகராறு நிச்சயம்.

காரணம் இதுதான். 2024 மே மாதம் வந்த ஜிசிசி 14, அதுவரை எச்சரிக்கையாக மட்டும் சொல்லிவந்த சில பழைய சி பழக்கங்களைப் பிழையாக்கிவிட்டது, உதாரணமாக அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பது. 2025-இல் வந்த ஜிசிசி 15 இன்னும் ஒரு படி போய், சி23 தரத்தையே இயல்பாக வைத்துக்கொண்டது. அந்தத் தரத்தில் பூல் என்பது மொழியின் சொந்தச் சொல், ஆகவே இருபது வருடத்துக்கு முன் யாரோ தனக்கென்று ஒரு பூல் வகையை எழுதி வைத்திருந்தால் அந்தக் கோப்பு அங்கேயே விழுந்துவிடும். ஃபங்ஷன் பெயருக்குப் பின் வெறும் அடைப்புக்குறி போட்டால் "எத்தனை ஆர்குமென்ட் வேண்டுமானாலும் வரலாம்" என்றிருந்த பொருளும் போய், "ஒன்றும் வரக்கூடாது" என்றாகிவிட்டது. ஜிசிசியைக் கட்டத் தேவையான ஜிஎம்பி லைப்ரரியின் 6.3 பதிப்பே இந்த மாற்றத்தால் ஜிசிசி 15-இல் கன்ஃபிகர் கட்டத்தைத் தாண்டாமல் நின்றுவிடுகிறது. நின்றுவிட்டு அது சொல்வது என்னவென்றால், வேலை செய்கிற கம்பைலரே உங்களிடம் இல்லை என்று! இதைப் படித்துவிட்டு கம்பைலரை நீக்கி மறுபடி நிறுவி, மறுபடி நீக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன் நான்.

ஆகவே மூலத்திலிருந்து கட்டுகிற வேலைக்கு ஆர்ச் போல ஓயாமல் புதுப் பதிப்புகளுக்கு மாறிக்கொண்டே இருக்கும் ரோலிங் டிஸ்ட்ரோக்கள் எனக்கு ஒத்துவரவில்லை. நேற்று கட்டியது இன்று கட்டாது, நீங்கள் எதையும் மாற்றவில்லை, டிஸ்ட்ரோதான் மாறியிருக்கிறது. இதற்கு நேர்மாறாக, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 ஜிசிசி 12-உடன் அப்படியே இருக்கும். உபுண்டு 24.04-இல் ஜிசிசி 13, அதன் மேல் கட்டப்பட்ட மின்ட் 22-இலும் அதேதான். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் ஜிசிசி 14. பழைய மூலங்களோடு மல்லுக்கட்டப் போகிறீர்கள் என்றால் ஜிசிசி 12-ஓ 13-ஓ இருக்கிற டிஸ்ட்ரோ நிம்மதி. "பழைய பேக்கேஜ்" என்று டெபியனைக் கிண்டல் செய்வார்கள், இந்த வேலைக்கு அந்தப் பழமையே வரம்.

இன்னொன்று, நினைவகம். ஜிசிசியைக் கட்டும்போது எல்லாக் கோர்களையும் ஏவிவிட்டால் 4 ஜிபி ராம் உள்ள மடிக்கணினி மூச்சுத் திணறும். கெர்னல் ஏதாவது ஒரு கம்பைலர் செயல்முறையைக் கொன்றுவிடும், திரையில் வருவதோ சம்பந்தமில்லாத ஒரு பிழை. அந்த மாதிரிக் கணினியில் இரண்டு வேலைகளுக்கு மேல் ஒரே நேரத்தில் விடாதீர்கள், டெஸ்க்டாப்பும் எக்ஸ்எஃப்சிஇ போல இலகுவாக இருக்கட்டும். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடியாது, தூங்கி எழுந்தால் முடிந்திருக்கும்.

நின்டெண்டோ 64 நடுவில் நிற்கிறது. லிப்டிராகன் திட்டம் தன் எம்ஐபிஎஸ் கம்பைலரை டெப் கோப்பாகவும் ஆர்பிஎம் கோப்பாகவும் தயாராகத் தருவதால் டெபியன் குடும்பத்திலும் ஃபெடோராவிலும் கட்டுகிற வேலை மிச்சம். மெகா டிரைவ் பக்கம் எஸ்ஜிடிகே விண்டோஸை மனதில் வைத்து வளர்ந்த ஒன்று. லினக்ஸில் அதை டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கருவி) வழியாகவோ மார்ஸ்டெவ் என்ற தொகுப்பு மூலமாகவோ ஓட்டலாம், ஜாவாவும் வேண்டியிருக்கும். பிஎஸ்2-வுக்கு பிஎஸ்2டெவ் திட்டத்தினரே டாக்கர் பிம்பம் (அந்தப் பெட்டியின் தயார் வார்ப்பு) வைத்திருக்கிறார்கள்.

கன்டெய்னர் என்கிற அந்தப் பெட்டி பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் மேலே நான் புலம்பியதில் பாதியை அது தீர்த்துவிடுகிறது. டாக்கர் அல்லது பாட்மேனுக்குள் டெபியன் 12-ஐ வைத்துக்கொண்டு அதற்குள் கம்பைலரைக் கட்டினால், வெளியே நீங்கள் எந்த டிஸ்ட்ரோவில் இருந்தாலும் உள்ளே எதுவும் அசையாது. டெவ்கிட்ப்ரோவும் டெவ்கிட்ஆர்ம் உள்ளிட்ட தன் கம்பைலர்களுக்குத் தயார் பிம்பங்கள் தருகிறது. ஆர்ச்சோ ஃபெடோராவோ பிடித்துப்போய் வேறு எதற்கும் மாற மனமில்லாதவர்களுக்கு என் பதில் இதுதான்: மாறாதீர்கள், டூல்செயினை மட்டும் பெட்டிக்குள் போடுங்கள். ஃபெடோராவில் ஒரே ஒரு எச்சரிக்கை, அதன் பாதுகாப்புக் காவலாளியான எஸ்இலினக்ஸ் விழித்திருக்கும். உங்கள் அடைவை கன்டெய்னருக்குள் இணைக்கும்போது மறுமுத்திரை இடச் சொல்லும் இசட் விருப்பத்தைச் சேர்க்காவிட்டால், எல்லா அனுமதியும் சரியாக இருந்தும் "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வந்துகொண்டே இருக்கும்.

ஆனால் முதல் நாளிலேயே கன்டெய்னரில் இறங்கச் சொல்லமாட்டேன். லினக்ஸும் புதிது, கன்சோலும் புதிது, சி மொழியும் அரைகுறை என்கிற நிலையில் டாக்கரையும் தலையில் ஏற்றினால் பிழை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

தவிர்க்க வேண்டியவை எவை? ஆல்பைன் டிஸ்ட்ரோவில் சி லைப்ரரி மஸ்ல்தான், பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் இருக்கும் ஜிலிப்சி இல்லை. ஜிலிப்சிக்காகக் கட்டி வைக்கப்பட்ட தயார் கம்பைலர்கள் அதில் ஓடாது. நிக்ஸ்ஓஎஸ் மிகப் புத்திசாலித்தனமான அமைப்பு, ஆனால் நிரலைத் தொடங்கிவைக்கும் டைனமிக் லோடர் வழக்கமான இடத்தில் வேலை செய்கிற நிலையில் இருக்காது. அதனால் வெளியிலிருந்து இறக்கிய கம்பைலர் அப்படியே ஓடாது. பழைய பதிப்புகளில், கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று சொல்லும். விஷயம் தெரிந்தவர்கள் அதைச் சரிசெய்துகொள்வார்கள், தெரியாதவர்களுக்குப் பேய் பிடித்த மாதிரி இருக்கும். ஸ்டீம் டெக்கில் வரும் ஸ்டீம்ஓஎஸ் 3 ஆர்ச் அடிப்படைதான் என்றாலும் அதன் சிஸ்டம் பகுதி படிக்க மட்டுமே. பூட்டைத் திறந்து நிறுவினாலும் அடுத்த அப்டேட்டில் துடைத்துப் போய்விடும், வீட்டு அடைவு மட்டும் மிஞ்சும். அதில் செய்தே தீர வேண்டும் என்றால் டிஸ்ட்ரோபாக்ஸ் வழியாக வீட்டு அடைவுக்குள் ஒரு டெபியனை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் காளி. பாதுகாப்புச் சோதனைக்கான டிஸ்ட்ரோ அது. "ஹேக்கிங்" என்ற வார்த்தையைப் பார்த்து கன்சோல் வேலைக்கும் அதைப் போடுகிற தம்பிகளைப் பார்த்திருக்கிறேன், அதில் இந்த வேலைக்கென்று எதுவுமே கிடையாது.

அப்படியானால் ஒன்றைச் சொல்லு என்றால்: லினக்ஸுக்குப் புதியவர் என்றால் மின்ட் 22, கொஞ்சம் பழகியவர் என்றால் டெபியன். மின்ட்டை நான் உபுண்டுவுக்கு முன்னால் வைப்பதற்கு ஸ்னாப் ஒரு காரணம். ஸ்னாப், ஃபிளாட்பேக் இரண்டும் மென்பொருளை ஒரு வேலிக்குள் வைத்து ஓட்டுபவை, மின்ட்டில் ஸ்னாப் இயல்பாக இருக்காது. கன்சோலைப் போலக் கணினியிலேயே நடிக்கும் எமுலேட்டரை ஃபிளாட்பேக்கில் போட்டால் நஷ்டமில்லை, கேம் பாய் அட்வான்ஸுக்கான எம்ஜிபிஏ அப்படி நன்றாகவே ஓடும். எடிட்டரை மட்டும் அப்படிப் போடாதீர்கள். விஎஸ் கோடை ஃபிளாட்பேக்கில் நிறுவினால் அதன் உள்ளே திறக்கும் டெர்மினலும் வேலிக்குள்தான் இருக்கும், வெளியே நிறுவிய கருவிகள் சில அதற்குக் கிடைக்காமல் போகலாம். டெப் கோப்பாகவே நிறுவுங்கள்.

விண்டோஸை விட மனமில்லையா, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2-இல் உபுண்டு போட்டுத் தொடங்கலாம், கம்பைல் செய்வதற்கு அது தாராளம். திட்டக் கோப்புகளை லினக்ஸ் பக்கத்து வீட்டு அடைவில் வையுங்கள், சி டிரைவில் வைத்தால் ஒவ்வொரு கம்பைலும் நத்தையாக நகரும். எமுலேட்டரை விண்டோஸ் பக்கமே ஓட்டிக்கொள்ளலாம். யுஎஸ்பி கருவிகளை இணைப்பதற்குத்தான் தனியாக ஒரு சுற்று சுற்ற வேண்டியிருக்கும்.

யுஎஸ்பி என்றதும் உண்மையான கார்ட்ரிட்ஜில் எழுதும் கட்டம் நினைவுக்கு வருகிறது. ஜிபிஎக்ஸ்கார்ட் போன்ற கருவிகள் கணினிக்கு ஒரு சீரியல் போர்ட்டாகத்தான் தெரியும். அதைத் தொட உங்கள் பயனர் கணக்கு டெபியன், உபுண்டு, ஃபெடோராவில் டயல்அவுட் குழுவில் இருக்க வேண்டும், ஆர்ச்சில் யுயுசிபி குழுவில். குழுவில் சேர்த்தபின் மறுபடி லாகின் செய்ய மறக்காதீர்கள். உபுண்டு 22.04-இல் இதைவிட விசித்திரமான ஒன்று உண்டு: சிஎச்340 சிப் வைத்த கருவியைச் செருகியதும் அது தோன்றி உடனே மறைந்துவிடும். பார்வையற்றோருக்கான பிரெய்லி திரைகளைக் கவனிக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை, யுஎஸ்பி அடையாள எண் ஒன்றுபோல இருப்பதால் இதையும் பிரெய்லி கருவி என்று எண்ணி எடுத்துக்கொள்கிறது. உங்களுக்கு அந்தச் சேவை தேவையில்லை என்றால் நீக்கிவிடுங்கள், கருவி வந்துவிடும். கேபிள் கெட்டுவிட்டது என்று நான் புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன், அது இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது.

கார்ட்ரிட்ஜில் எழுதும் மென்பொருளும், படங்களை டைல்களாக (சிறு சதுரத் துண்டுகளாக) மாற்றும் சின்னச் சின்னக் கருவிகளும் பெரும்பாலும் பைத்தானில் இருக்கும். டெபியன் 12 முதல், பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் கொண்டு நேரடியாகச் சிஸ்டத்தில் நிறுவ விடமாட்டார்கள், வெளியே நிர்வகிக்கப்படும் சூழல் என்று தடுத்துவிடும். அதை உடைக்கும் விருப்பத்தைப் போட்டு மீறுவதைவிட, பிப்எக்ஸ் அல்லது தனி மெய்நிகர் சூழல் ஒன்றில் நிறுவுவது நல்லது.

சரி, எல்லாம் போட்டாயிற்று. இப்போது வேலை செய்கிறதா என்று பார்க்க மாதிரி விளையாட்டைத் தேடிப் போக வேண்டாம், கேம் பாய் அட்வான்ஸில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துப் பாருங்கள். அதன் திரை 240-க்கு 160. பதினாறடிமானத்தில் 04000000 என்ற முகவரியில் திரைக் கட்டுப்பாட்டுப் பதிவகம் இருக்கிறது, அதில் 1027 என்ற எண்ணை எழுதுங்கள். 3 என்பது மூன்றாம் திரைமுறை, 1024 என்பது இரண்டாம் எண் பின்னணியை எரியவிடும் பிட், இரண்டும் சேர்ந்து 1027. அந்த முறையில் 06000000 முகவரியிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் 16 பிட். நட்டநடுப் புள்ளி வேண்டும் என்றால் 80-ஐ 240-ஆல் பெருக்கி 120 கூட்டுங்கள், 19320 வரும். ஆரம்பத்திலிருந்து அத்தனையாவது இடத்தில் 31 என்று எழுதினால் முழுச் சிவப்பு. கடைசியில் முடிவில்லாத லூப் ஒன்று, இல்லாவிட்டால் நிரல் முடிந்து எங்காவது ஓடிவிடும். பதிவகங்களை வாலட்டைல் என்று குறிக்க மறந்தால் கம்பைலர் உங்கள் வரியைத் தேவையில்லாதது என்று தூக்கியெறியவும் கூடும்.

கறுப்புத் திரையில் கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு புள்ளி வரும். வரவில்லை என்றால் எம்ஜிபிஏவை ஜிடிபி என்ற டிபக்கருக்கான (பிழை தேடும் கருவி) வசதியோடு துவக்கி, 2345 போர்ட்டில் அதை இணைத்து அந்தப் பதிவகத்திலும் புள்ளியின் இடத்திலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வந்துவிட்டது என்றால், டூல்செயின் பதிப்பையும் டிஸ்ட்ரோ பதிப்பையும் திட்ட அடைவிலேயே ஒரு கோப்பில் குறித்து வைத்துவிட்டு, இரண்டாவது புள்ளியை அம்புக்குறிப் பொத்தானால் நகர்த்தும் வேலையைத் தொடங்குங்கள். பொத்தான்களின் பதிவகம் 04000130. அழுத்தினால் பிட் 0, விட்டால் 1, தலைகீழாக இருக்கும்.